அத்தியாயம் 7: தொடுதிரைக்கும் பி.எல்.சி.க்கும் சீரியல் கேபிள் இணைப்பு

பேனலில் இருக்கும் மலிவான பொருள்களில் ஒன்று, தொடுதிரைக்கும் பி.எல்.சி.க்கும் நடுவே ஓடும் கேபிள். மெஷினை ஓட்டிக்கொடுக்கப் போன இடத்தில் அதிக நேரத்தைத் தின்பதும் அதுதான். திரையில் படங்கள் அழகாக வரைந்தாகிவிட்டது, லேடர் புரோகிராமும் தனியாக ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. பவர் கொடுத்ததும் திரையின் நடுவில் 'பி.எல்.சி. நோ ரெஸ்பான்ஸ்' என்று ஒரு பெட்டி வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பெட்டி காரணம் எதையும் சொல்லாது. வயர் மாறியிருந்தாலும் அதே பெட்டிதான், பாரிட்டி மாறியிருந்தாலும் அதே பெட்டிதான், பி.எல்.சி.க்குச் சப்ளையே போகாவிட்டாலும் அதே பெட்டிதான்.

அதனால் தேடுவதற்கு ஒரு வரிசை வேண்டும். முதலில் வயரும் வோல்டேஜும், அடுத்து செட்டிங், கடைசியில் முகவரி. முதலாவது சரி என்று மீட்டர் சொல்லும் வரை இரண்டாவதைத் தொடக் கூடாது. ஒரே நேரத்தில் கேபிளையும் மாற்றி, பாட் ரேட்டையும் மாற்றிப் பார்க்கிறவர் சாயங்காலம் வரை அங்கேயேதான் நிற்பார்.

எடுத்துக்காட்டுக்கு, நம் ஊர்ச் சின்ன மெஷின்களில் அடிக்கடி கண்ணில் படும் டெல்டா டி.வி.பி. வரிசை பி.எல்.சி.யை எடுத்துக்கொள்வோம். திரை எந்தக் கம்பெனியுடையதாகவும் இருக்கலாம். மோட்பஸ் தெரிந்த 7 அங்குலத் திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற பி.எல்.சி.க்களில் எங்கே வழி பிரிகிறது என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

போர்ட்டின் வடிவத்தை நம்பாதீர்கள்

கனெக்டர் பொருந்துகிறது என்பதற்காகச் செருகிவிடுவதுதான் போர்ட் எரிவதற்கு முதல் காரணம். டெல்டா டி.வி.பி.யில் இருக்கும் 8 பின் வட்டக் கனெக்டர் ஆர்.எஸ்-232. மிட்சுபிஷி எஃப்.எக்ஸ். வரிசையின் புரோகிராமிங் போர்ட்டும் அதே 8 பின் வட்டம்தான், ஆனால் அது ஆர்.எஸ்-422. ஆலன் பிராட்லி மைக்ரோலாஜிக்ஸிலும் 8 பின் வட்டம். அது 232 என்றாலும் பின்களின் வரிசை வேறு. மூன்று கேபிளையும் மேஜையில் போட்டால் வித்தியாசம் தெரியாது. பேரைப் பார்க்காமல் வாங்கிய கேபிளை இதில் எந்தப் போர்ட்டிலும் செருகாதீர்கள்.

9 பின் கனெக்டரின் கதையும் இதுதான். கம்ப்யூட்டரின் பின்னால் இருக்கும் 9 பின் 232. சீமென்ஸ் எஸ்7-200இன் முன்பக்கத்தில் இருக்கும் 9 பின் ஆர்.எஸ்-485, அதன் 7வது பின்னில் 24 வோல்ட் பிளஸ்ஸும் 2வது பின்னில் அதன் ரிட்டர்னும் வருகின்றன. எல்லாப் பின்னும் நேருக்கு நேர் போகிற சாதாரண 9 பின் கேபிளை அங்கே செருகினால் அந்த 24 வோல்ட் எதிர்முனைக் கருவியின் சிக்னல் பின்களுக்குள் போய் இறங்கும். டெல்டாவின் வட்டக் கனெக்டரிலும் 1, 2 ஆகிய பின்களில் 5 வோல்ட் இருக்கிறது. அவை எங்கும் போக வேண்டியதில்லை; அந்த இரண்டு வயரையும் வெட்டி, முனையை ஸ்லீவ் போட்டு மூடிவிடுங்கள்.

சில திரைகளில் ஒரே 9 பின் கனெக்டருக்குள் 232, 485 இரண்டும் ஒளிந்திருக்கும். சாஃப்ட்வேரில் 'காம்1' என்று தேர்ந்தெடுத்தால் சில பின்கள், 'காம்2' என்றால் வேறு பின்கள். கேபிளைக் காம்2 பின்களில் சால்டர் செய்துவிட்டு, புராஜெக்ட்டில் காம்1ஐ விட்டுவைத்தால் திரை வேறு கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். திரையின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் பின் படத்தை மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. பேனலில் திரையைப் பொருத்திய பிறகு அந்தப் படம் கண்ணுக்கு எட்டாது.

232ஆ, 485ஆ

ஆர்.எஸ்-232இல் ஒருவருக்கு எதிரே ஒருவர்தான். மூன்று வயர் போதும்: அனுப்புவது, வாங்குவது, கிரவுண்ட். 15 மீட்டர் வரை போகலாம் என்று பழைய வழக்கம். டிரைவ் ஓடும் பேனலில் 3 மீட்டருக்கு மேல் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏனென்றால் இதில் சிக்னல் என்பது கிரவுண்டைப் பொறுத்த வோல்டேஜ். கிரவுண்டிலேயே இரைச்சல் ஏறினால் சிக்னலும் அதோடு ஆடும்.

ஆர்.எஸ்-485 இரண்டு வயருக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைப் பார்க்கிறது. இரைச்சல் இரண்டு வயரிலும் ஒன்றாக ஏறுவதால் வித்தியாசம் மாறுவதில்லை. 200 மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தாலே வாங்கும் பக்கம் புரிந்துகொள்ளும். குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை இழுக்கலாம், ஒரே ஜோடியில் 32 கருவிகளைத் தொங்கவிடலாம். திரை பேனல் கதவிலேயே இருந்தால் 232 போதும். மெஷினின் மறுகோடியில், ஆப்பரேட்டர் நிற்கும் ஸ்டாண்டில் திரை இருந்தால் 485 போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். டெல்டாவில் இன்னொரு வசதியும் உண்டு: திரையைப் பி.எல்.சி.யின் 485 போர்ட்டான காம்2க்குக் கொண்டுபோனால், வட்டக் கனெக்டரான காம்1 லேப்டாப்புக்கு ஒழிந்திருக்கும். மெஷின் ஓடும்போதே லேடரைப் பார்த்துக்கொண்டு திரையையும் பார்க்கலாம்.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. அதே காம்2 வழியாகப் பி.எல்.சி. டிரைவ்களுக்கு வேகம் அனுப்பிக்கொண்டிருந்தால், அந்த லைனில் பி.எல்.சி.தான் மாஸ்டர். திரையும் மாஸ்டர்தான். மோட்பஸ் சீரியலில் ஒரு லைனுக்கு ஒரே ஒரு மாஸ்டர்தான் இருக்க முடியும். அப்படிப்பட்ட மெஷினில் திரைக்குக் காம்1ஐக் கொடுங்கள், அல்லது காம்3 உள்ள இ.எஸ்2 மாதிரியான மாடலை வாங்குங்கள்.

கேபிள் செய்தல்

டெல்டா வட்டக் கனெக்டரில் 4வது பின் வாங்குவது, 5வது பின் அனுப்புவது, 8வது பின் கிரவுண்ட். எதிர்ப்பக்கம் கம்ப்யூட்டரைப் போன்ற வரிசையில் உள்ள 9 பின் என்றால் அங்கே 2 வாங்குவது, 3 அனுப்புவது, 5 கிரவுண்ட். ஆகவே 3லிருந்து 4க்கு, 2லிருந்து 5க்கு, 5லிருந்து 8க்கு. அனுப்புவது எதிரே வாங்குவதற்குப் போக வேண்டும் என்பதைத் தவிர இதில் மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை.

வட்டக் கனெக்டரைச் சால்டர் செய்யும்போது ஒரு விஷயத்தில் கைதேர்ந்தவர்களும் தடுமாறுவார்கள். கையேட்டில் இருக்கும் படம் பெரும்பாலும் பி.எல்.சி.யின் துளைப் பக்கத்தைக் காட்டும். நீங்கள் கையில் பிடித்திருப்பது பிளக்கின் சால்டர் பக்கம். பிளக்கின் முன்முகம் துளைப் படத்துக்கு இடம் வலம் மாறியிருக்கும். அதன் சால்டர் பக்கமோ மறுபடி மாறி அந்தப் படத்தைப் போலவே தெரியும். எந்தப் படம் எந்தப் பக்கம் என்று தலையில் திருப்பிப் பார்ப்பதைவிட, பிளாஸ்டிக்கில் பொறித்திருக்கும் எண் இருந்தால் அதை நம்புங்கள். இல்லாவிட்டால் ஒரு பின்னை மட்டும் சால்டர் செய்து, மீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து முன்முகத்தில் எந்தப் பின் சத்தம் போடுகிறது என்று பாருங்கள். பிறகு மற்ற இரண்டையும் செய்யுங்கள். முடிந்ததும் பக்கத்துப் பின்கள் ஒன்றோடொன்று தொடவில்லை என்பதையும் அதே மீட்டரில் உறுதிசெய்யுங்கள். அந்தச் சின்னக் கனெக்டரில் ஒரு முடி அளவு சால்டர் வழிந்தால் போதும், 5 வோல்ட் பின்னோடு ஒட்டிக்கொள்ளும்.

485க்கு ஒரு ஜோடி முறுக்கு வயர், மேலே ஷீல்டு, 24 கேஜ் போதும். முறுக்காத சாதாரண மல்டிகோர் கேபிளில் 485 ஓடாது என்றில்லை. மேஜையில் ஓடும், மெஷினில் மோட்டார் கிளம்பும்போது நிற்கும். ஷீல்டை ஒரு முனையில் மட்டும், பி.எல்.சி. இருக்கும் பேனலின் எர்த் பாரில் கட்டுங்கள். மறுமுனையில் வெட்டி மூடுங்கள். முடிந்தால் சிக்னல் கிரவுண்டுக்கு மூன்றாவதாக ஒரு வயரும் கொண்டுபோங்கள். இரண்டு வயர் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் 485 தாங்கும் பொது வோல்டேஜ் மைனஸ் 7லிருந்து பிளஸ் 12 வரைதான். திரைக்கு ஒரு சப்ளை, பி.எல்.சி.க்கு இன்னொரு சப்ளை என்று இரண்டு பேனல்களில் இருந்தால் அவற்றின் கிரவுண்டுகளுக்கு நடுவே அந்த எல்லை எளிதில் தாண்டிப்போகும். ஒரே பேனல் என்றால் திரைக்கும் பி.எல்.சி.க்கும் ஒரே எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து 24 வோல்ட் கொடுத்துவிடுங்கள்.

லைனின் இரண்டு கோடிகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போட வேண்டும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். நூறு மீட்டர் லைனுக்கு அது சரி. பேனலுக்குள் 2 மீட்டர், 9600 வேகம் என்றால் அது தேவையில்லை. சில இடங்களில் கெடுதலும்கூட. லைன் சும்மா இருக்கும்போது இரண்டு வயருக்கும் நடுவே சின்ன வோல்டேஜைப் பிடித்துவைக்கும் பயாஸ் ரெசிஸ்டர் எந்தக் கருவியிலும் இல்லாவிட்டால், 120 ஓம் அந்த வித்தியாசத்தைப் பூஜ்யத்துக்கு இழுத்துவிடும். பிறகு ஒவ்வோர் இரைச்சலும் ஓர் எழுத்தாகத் தெரியும். நீண்ட லைனில் ரெசிஸ்டர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, எல்லாப் பவரையும் நிறுத்திவிட்டு இரண்டு வயருக்கும் நடுவே ஓம்ஸ் பாருங்கள். 60க்குப் பக்கத்தில் வர வேண்டும். 120 வந்தால் ஒரு கோடியில் ரெசிஸ்டர் இல்லை. 40 வந்தால் யாரோ நடுவில் மூன்றாவதாக ஒன்றைப் போட்டிருக்கிறார்கள்.

ஏ, பி குழப்பம்

485 லைனில் 'ஏ', 'பி' என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏ-வை ஏ-வுக்கும் பி-யைப் பி-க்கும் கட்டுவது நியாயமாகத்தான் தெரியும். அது சரியாக வருவது அதிர்ஷ்டம். சீமென்ஸில் 'பி'தான் பிளஸ். எஸ்7-200இல் அது 3வது பின், 'ஏ' 8வது பின். வேறு பல கம்பெனிகளின் கருவிகளில் 'ஏ' பிளஸ். இருவரும் தத்தம் கையேட்டின்படி சரி. ஆகவே எழுத்தை விட்டுவிட்டு, பிளஸ் மைனஸ் குறியைப் பாருங்கள். குறியும் இல்லையா? இரண்டு வயரையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். 485இல் இரண்டு வயரும் மாறினால் பேச்சு நடக்காதே தவிர, எதுவும் எரியாது. சந்தேகம் வந்தால் முதலில் செய்ய வேண்டிய சோதனையும் இதுதான், அரை நிமிட வேலை.

232க்கு இன்னும் நல்ல சோதனை உண்டு. கேபிளைக் கழற்றிவிட்டு, கருவிக்குப் பவர் கொடுத்து, டி.சி. வோல்ட்டில் கறுப்பு முனையைக் கிரவுண்ட் பின்னில் வையுங்கள். சிவப்பு முனையால் மற்ற பின்களைத் தொட்டுப் பாருங்கள். சும்மா இருக்கும் நேரத்தில் அனுப்பும் பின்னில் மைனஸ் 5லிருந்து மைனஸ் 12 வோல்ட் வரை நிற்கும். வாங்கும் பின்னில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. ஆக, மைனஸ் எங்கே தெரிகிறதோ அது அந்தக் கருவியின் அனுப்பும் பின். கையேடு தொலைந்துபோன பழைய திரையிலும் இந்த வழியில் பின்னைக் கண்டுபிடித்துவிடலாம். கேபிளைச் செருகியபின் இரண்டு சிக்னல் வயரிலும் மைனஸ் தெரிந்தால் இணைப்பு சரி. ஒன்றில் மைனஸ், இன்னொன்றில் பூஜ்யம் என்றால் அனுப்புவதும் அனுப்புவதும் மோதிக்கொண்டிருக்கின்றன, 2ஐயும் 3ஐயும் மாற்றுங்கள்.

செட்டிங்

டெல்டா டி.வி.பி. பெட்டியிலிருந்து எடுத்ததும் 9600 வேகம், 7 டேட்டா பிட், ஈவன் பாரிட்டி, 1 ஸ்டாப் பிட், மோட்பஸ் ஆஸ்கி, ஸ்டேஷன் எண் 1. திரையின் சாஃப்ட்வேரில் 'டெல்டா டி.வி.பி.' என்று தனி டிரைவர் இருந்தால் அதையே எடுத்து, இந்த எண்களை அப்படியே போட்டுவிடுங்கள். பி.எல்.சி.யில் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. முகவரியையும் டி100, எம்20 என்று பி.எல்.சி. மொழியிலேயே அடிக்கலாம். தனி டிரைவர் இருக்கும்போது பொது மோட்பஸ் டிரைவரை எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தேவையில்லாத கணக்கை வலிய இழுத்துப்போட்டுக்கொள்வது அது.

டிரைவர் இல்லாத திரை, அல்லது அதே லைனில் மோட்பஸ் ஆர்.டி.யு. பேசும் வேறு கருவிகளும் உண்டு என்றால் பி.எல்.சி.யை ஆர்.டி.யு.வுக்கு மாற்ற வேண்டும். ஆர்.டி.யு.வுக்கு 8 டேட்டா பிட் கட்டாயம். 7ஐ விட்டுவைத்து ஆர்.டி.யு. மட்டும் மாற்றினால் ஒன்றும் நடக்காது. திரை காம்2இல் இருந்தால், லேடரில் எம்1002 கான்டாக்ட் போட்டு, டி1120க்கு எச்97 என்ற மதிப்பை மூவ் செய்து, எம்1120ஐயும் எம்1143ஐயும் செட் செய்யுங்கள். 97இல் 9 என்பது 19200 வேகம். 7 என்பது 8 டேட்டா பிட், ஈவன், 1 ஸ்டாப். 9600 போதும் என்றால் எச்87. எம்1120 அந்த செட்டிங்கைப் பிடித்துவைக்கிறது, எம்1143 ஆஸ்கியிலிருந்து ஆர்.டி.யு.வுக்கு மாற்றுகிறது. ஸ்டேஷன் எண் டி1121இல் இருக்கிறது. எம்1002 என்பது பி.எல்.சி. ரன்னுக்கு வரும் முதல் ஸ்கேனில் மட்டும் ஆன் ஆகும். ஆகவே டவுன்லோடு செய்துவிட்டு ஒருமுறை ஸ்டாப் செய்து ரன் கொடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆன்லைனில் இந்த வரிகளைச் சேர்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்று புலம்புகிறவர்கள் உண்டு.

திரைப் பக்கம் டைம் அவுட் என்று ஒன்று கேட்கும். 1 விநாடி வையுங்கள். திருப்பிக் கேட்கும் எண்ணிக்கை 2 அல்லது 3.

முகவரிக் கணக்கு

மோட்பஸ் 1979இல் மோடிகான் கம்பெனி தன் பி.எல்.சி.க்களுக்காகக் கொண்டுவந்தது. அதன் முகவரிப் பழக்கங்கள் அந்தக் காலத்தவை. ஹோல்டிங் ரெஜிஸ்டர்கள் 40001லிருந்து தொடங்கும் என்று எண்ணுவார்கள். ஆனால் லைனில் போகும் எண் 0லிருந்து. 40001 கேட்டால் வயரில் போவது 0.

டெல்டாவில் டி0க்கு லைனில் போகும் எண் 4096. எண்ணும் முறையில் அது 44097. டி100 என்றால் 44197. சில திரைகள் இதை '4எக்ஸ் 4197' என்று கேட்கும், சில 4196 என்று கேட்கும். எது என்று கண்டுபிடிக்க ஊகம் வேண்டாம். டி100இல் 111, டி101இல் 222, டி102இல் 333 என்று மூன்று மதிப்புகளை லேப்டாப்பில் எழுதிவையுங்கள். திரையில் டி101ஐக் காட்டச் சொல்லிப் பாருங்கள். 222 வந்தால் சரி, 111 அல்லது 333 வந்தால் ஒன்று தள்ளியிருக்கிறது. எல்லா ரெஜிஸ்டரிலும் 0 வைத்துக்கொண்டு சோதித்தால் இந்தத் தப்பு தெரியவே தெரியாது. மெஷின் ஓடத் தொடங்கிய பிறகு வெப்பநிலை இருக்க வேண்டிய இடத்தில் டைமர் எண் ஓடும்.

எம்0க்கு 2048, எண்ணும் முறையில் 2049. டி4095க்குப் பிறகு இந்தக் கணக்கு நேராகப் போகாது, வேறொரு எண்ணுக்குத் தாவும். திரைக்கான டேட்டாவை அதற்குக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள். இன்புட், அவுட்புட் எண்கள் டெல்டாவிலும் மிட்சுபிஷியிலும் எட்டடிமானம். எக்ஸ்7க்கு அடுத்தது எக்ஸ்10. பொது மோட்பஸ் டிரைவரில் எக்ஸ்10க்கு 10 கூட்டினால் தப்பு, 8 கூட்ட வேண்டும்.

32 பிட் மதிப்பு இன்னொரு பொறி. இரண்டு ரெஜிஸ்டர் சேர்ந்த எண்ணில் எது முதலில் என்று மோட்பஸ் எதுவும் சொல்லவில்லை. டெல்டாவில் கீழ்ப்பாதி முதலில். திரை மேல்பாதியை முதலில் எதிர்பார்த்தால், உற்பத்திக் கணக்கு 100 இருக்கும்போது திரையில் 65,53,600 தெரியும். தசம எண் என்றால் இன்னும் மோசம்: 1.0 என்ற மதிப்பு பாதி மாறிவந்தால் பூஜ்யத்துக்கு மிக நெருங்கிய எண்ணாகி, திரையில் 0.00 என்று தெரியும். டேட்டா வரவே இல்லை என்று நினைத்துக் கேபிளைக் கழற்றத் தொடங்குவீர்கள். டிரைவர் செட்டிங்கில் 'வேர்டு ஸ்வாப்' என்று ஒரு டிக் இருக்கும். அதைப் பாருங்கள்.

லைனை ஒட்டுக்கேட்பது

485இல் எல்லாம் சரியாக இருந்தும் பேச்சு வரவில்லை என்றால், யு.எஸ்.பி. - 485 கன்வெர்ட்டர் ஒன்றை அதே இரண்டு வயரோடு இணையாகக் கட்டி, லேப்டாப்பில் சீரியல் மானிட்டரைத் திறந்து சும்மா பார்த்துக்கொண்டிருங்கள். எதையும் அனுப்ப வேண்டாம். ஆர்.டி.யு.வில் டி0ஐத் திரை கேட்டால் 01 03 10 00 00 01 என்று ஆறு பைட்டும், அதன்பின் சரிபார்ப்புக்காக இரண்டு பைட்டும் ஓடும். முதல் 01 ஸ்டேஷன், 03 ரெஜிஸ்டர் படிக்கும் வேலை, 10 00 என்பது பதினாறடிமானத்தில் 4096, கடைசி 00 01 எத்தனை ரெஜிஸ்டர் என்பது. டி0இல் 100 இருந்தால் பதில் 01 03 02 00 64, பின் இரண்டு பைட்.

எதுவுமே ஓடவில்லை என்றால் திரை வேறு போர்ட்டில் கத்திக்கொண்டிருக்கிறது. கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது, பதில் இல்லை என்றால் பி.எல்.சி. பக்கம் செட்டிங்கோ ஸ்டேஷன் எண்ணோ தப்பு. கண்டபடி எழுத்துகள் கொட்டினால் மானிட்டரின் வேகமும் லைனின் வேகமும் வேறு, அல்லது பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. 01 83 02 என்று தொடங்கும் சின்னப் பதில் வந்தால் சந்தோஷப்படுங்கள்: கேபிளும் செட்டிங்கும் சரி, 'அப்படி ஒரு முகவரி என்னிடம் இல்லை' என்று பி.எல்.சி. சொல்கிறது. அதோடு வயரை விட்டுவிட்டு முகவரிக் கணக்கைப் பாருங்கள்.

திரை மெதுவாக இருக்கிறது என்ற புகாருக்கும் இங்கேயே விடை கிடைக்கும். 9600 வேகத்தில், 11 பிட் கொண்ட ஓர் எழுத்துக்கு ஏறக்குறைய 1.15 மில்லிவிநாடி. அடுத்தடுத்த 10 ரெஜிஸ்டரை ஒரே கேள்வியில் கேட்டால் கேள்வி 8 பைட், பதில் 25 பைட். 38 மில்லிவிநாடியில் முடிந்துவிடும். அதே 10 ரெஜிஸ்டர் பி.எல்.சி.யில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் பத்துக் கேள்வி, பத்துப் பதில், ஒவ்வொன்றுக்கும் நடுவே கட்டாய இடைவெளி. மொத்தம் கால் விநாடியைத் தாண்டும். ஒரு பக்கத்தில் 40 மதிப்பு காட்டினால் கேட்கவே வேண்டாம். பாட் ரேட்டை ஏற்றுவதற்கு முன், திரைக்கு வேண்டிய எல்லாவற்றையும் லேடரில் டி200லிருந்து வரிசையாக நகலெடுத்து வையுங்கள். டிரைவ் இருக்கும் பேனலில் 19200க்கு மேல் போவதால் வரும் லாபத்தைவிடத் தொல்லை அதிகம்.

மேஜையில் ஓடியது மெஷினில் நின்றால்

இது பெரும்பாலும் இரைச்சல்தான். டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளோடு சீரியல் கேபிளை ஒரே டிரங்கிங்கில் படுக்கவைக்காதீர்கள். 20 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள், குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கவிடுங்கள். கான்டாக்டர் காயில்களுக்கு ஆர்.சி. சப்ரஸர், 24 வோல்ட் டி.சி. ரிலேக்களுக்கு டயோடு. திரையின் எர்த் டெர்மினலைப் பெயருக்கு விட்டுவைக்காமல் பேனல் பாருக்குத் தனி வயர் போடுங்கள். பேனல் கதவில் திரை இருந்தால் கதவுக்கும் உடலுக்கும் எர்த் வயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பவர் ஓடும்போது சீரியல் கனெக்டரைப் பிடுங்கவோ செருகவோ வேண்டாம்.

ஜாக் பட்டன்

ஒரு விஷயத்தைப் பலரும் யோசிப்பதே இல்லை. திரையில் 'ஜாக்' என்று ஒரு பட்டன் வைக்கிறோம். அழுத்தினால் எம்50 ஆன், விட்டால் ஆஃப். சுவிட்சைப் போலவே தெரிகிறது. உண்மையில் நடப்பது வேறு: அழுத்தும்போது திரை 'எம்50ஐ 1 ஆக்கு' என்று ஒரு செய்தி அனுப்புகிறது, கையை எடுக்கும்போது '0 ஆக்கு' என்று இன்னொரு செய்தி. இரண்டுக்கும் நடுவே கேபிள் கழன்றாலோ, திரைக்குப் பவர் போனாலோ, இரண்டாவது செய்தி வராது. எம்50 ஆனிலேயே நிற்கும். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். ஆப்பரேட்டர் கையை எடுத்துவிட்டார், ரோலர் நிற்கவில்லை.

இதற்கு மருந்து லேடரில்தான் இருக்கிறது. திரை அரை விநாடிக்கு ஒருமுறை ஒரு பிட்டை 1, 0 என்று மாற்றிக்கொண்டே இருக்கும்படி புராஜெக்ட்டில் அமையுங்கள். பெரும்பாலான திரைகளில் இதற்கு வழி உண்டு. அந்த பிட் 2 விநாடி மாறாமல் நின்றால் ஒரு டைமர் எம்50ஐயும் அதைப் போன்ற மற்ற எல்லா பிட்களையும் ரீசெட் செய்ய வேண்டும். டைமர் வேலை செய்கிறதா என்று பார்க்க, மோட்டாரின் பவர் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, ஜாக்கை அழுத்தியபடி திரையின் 24 வோல்ட் ஃபியூஸை எடுங்கள். அவுட்புட் விளக்கு 2 விநாடியில் அணைய வேண்டும். அந்த 2 விநாடிகூட அதிகம் என்கிற மெஷின்களில், அதாவது ரோலரிலோ டையிலோ கை போகும் இடங்களில், ஜாக்கைத் திரையில் வைக்கவே கூடாது. நிஜப் பட்டன், நிஜ வயர். எமர்ஜென்சி ஸ்டாப்பைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. சிவப்பு வட்டத்தைத் திரையில் வரைந்து அதை எமர்ஜென்சி என்று பெயரிட்டிருக்கும் மெஷினை வாங்காதீர்கள், வாங்கியிருந்தால் ஓட்டாதீர்கள்.

ஒப்படைக்கும் முன்

போர்ட் எண், பாட் ரேட், டேட்டா பிட், பாரிட்டி, ஸ்டாப் பிட், ஸ்டேஷன் எண், கேபிளின் பின் இணைப்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பேனல் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். ஐந்து வருடம் கழித்துத் திரை உடையும். அதே மாடல் அப்போது சந்தையில் இருக்காது. புதிதாக வருகிறவர் அந்தத் தாளைப் பார்த்து வேறு கம்பெனித் திரையை அரை நாளில் பேசவைத்துவிடுவார்.

திரையின் புராஜெக்ட் ஃபைலையும் லேடரையும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிட்டு, சாவியை மட்டும் தன்னிடமே வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் மெஷின் கட்டுகிறவர்களிடம் நிறைய இருக்கிறது. தொழில் ரகசியம் என்பார்கள். ஒரு ஜாக் பட்டனிலும் இரண்டு டைமரிலும் என்ன ரகசியம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கட்டியவர் கடையை மூடிவிட்டால் அந்த மெஷினை வாங்கியவர் ஒரு 120 ஓம் ரெசிஸ்டர் மதிப்புள்ள கோளாறுக்காக முழு பேனலையும் மாற்ற வேண்டியிருக்கும். பணத்தை வாங்கிக்கொண்டு, ஃபைலையும் பாஸ்வேர்டையும் ஒரு பென் டிரைவில் போட்டு முதலாளி கையில் கொடுங்கள். மெஷினை வாங்குகிறவராக இருந்தால், அது கைக்கு வராமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.